பூனை வந்திருக்கிறது, நான் எங்கே?

(மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே, மாலை நான்கு மணி.)

பயணி: ஐயா, பன்னிரண்டு படங்கள் எடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டில் ஒன்றில்கூட நான் இல்லை.

பெரியவர்: ஏழாவது படத்தில் இருக்கிறீர்கள் தம்பி. யானையின் துதிக்கைக்குப் பக்கத்தில், ஓரமாக, உங்கள் முழங்கை விழுந்துவிட்டது. தவிர்த்துவிடலாம் என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பயணி: முழங்கை விழுந்ததற்கா மன்னிப்புக் கேட்கிறீர்கள்? கைபேசியை உங்கள் கையில் கொடுத்தபோது நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா?

பெரியவர்: நன்றாக நினைவிருக்கிறது. "ஐயா, இங்கே ஒரு படம் எடுத்துத் தாருங்கள், எல்லாம் முழுதாக வர வேண்டும், எதையும் வெட்டிவிடாதீர்கள்" என்று சொன்னீர்கள். ஐம்பது ஆண்டுகளாகக் கல்லை வெட்டிப் பிழைக்கும் என்னிடம் வெட்டிவிடாதே என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்பதால் அது மனத்தில் பதிந்துவிட்டது. இந்தப் பாறை 90 அடிக்கு மேல் நீளம், 40 அடிக்கு மேல் உயரம். முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினால் உருவங்களெல்லாம் எறும்பு ஊர்வது போலாகிவிடும். ஆகையால் பகுதி பகுதியாக எடுத்தேன். நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பன்னிரண்டு தந்திருக்கிறேன்.

பயணி: எல்லாம் முழுதாக என்று நான் சொன்னது என்னைத்தான் ஐயா. தலைமுடி முதல் காலணி வரை. காலணி புதிது, அதற்காகத்தான் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

பெரியவர்: 1,300 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சிற்பத்தின் முன்னால் நின்றுகொண்டு ஒருவர் "எல்லாம்" என்று சொன்னால், காலணியைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை தம்பி. என் பிழைதான்.

பயணி: அவ்வளவு நேரம் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேனே, அது எதற்கு என்று நினைத்தீர்கள்?

பெரியவர்: முதலில், சிற்பத்தைக் கண்ட மகிழ்ச்சி என்று நினைத்தேன். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் எப்படி மகிழ முடியும் என்று ஐயம் வந்தது. அப்புறம் பல்வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பயணி: நடுவில் கையை அசைத்துச் சைகை காட்டினீர்கள் அல்லவா?

பெரியவர்: விலகுங்கள் என்று காட்டினேன்.

பயணி: இன்னும் நன்றாக நில்லுங்கள் என்று காட்டுகிறீர்கள் என நினைத்து நானும் நகர்ந்தேனே!

பெரியவர்: நகர்ந்தீர்கள். நான் மானை எடுக்கத் திரும்பினால் மானுக்கு முன்னால் போய் நின்றீர்கள். யானையை எடுக்கத் திரும்பினால் யானைக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டீர்கள். ஒரு கட்டத்தில், இந்த ஆள் வேண்டுமென்றே நம் வேலையைக் கெடுக்கிறார் என்று கடிந்துகொள்ளக்கூட வாயெடுத்தேன். கைபேசி உங்களுடையது என்ற நினைவு வந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பயணி: சரி, என்னதான் எடுத்திருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன். இந்த முதல் படம் என்ன?

பெரியவர்: மான். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. மான் அப்படிச் செய்வதைக் கண்ணால் பார்த்தவன் செதுக்கியது.

பயணி: இரண்டாவது?

பெரியவர்: ஆற்றில் குளித்துவிட்டு ஒருவர் ஈரத்துணியைப் பிழிகிறார். நடுவில் பாறை பிளந்திருக்கிறதே, அதுதான் கங்கை. மேலே தொட்டி கட்டி, அந்தப் பிளவின் வழியாகத் தண்ணீர் விழ விட்டிருப்பார்கள் என்று சொல்கிறார்கள்.

பயணி: மூன்றாவதில் ஒருவர் இரண்டு கைகளையும் உயர்த்தி எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறார். தன்னைத் தானே படம் எடுப்பது போல இருக்கிறது.

பெரியவர்: விரல்களைக் கோத்து, நடுவில் உள்ள இடுக்கின் வழியாகச் சூரியனைப் பார்க்கிறார் தம்பி. அவரிடமும் உங்களைப் போல ஒரு சிறிய சட்டம் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் அதன் வழியாக எதிரே இருப்பதைப் பார்க்கிறார்.

பயணி: நான்காவது?

பெரியவர்: பூனை.

பயணி: ஐந்தாவது?

பெரியவர்: பூனைதான்.

பயணி: ஆறாவது?

பெரியவர்: அதே பூனை, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

பயணி: ஏழாவது?

பெரியவர்: யானை. மற்றும், மன்னிக்க வேண்டும், உங்கள் முழங்கை.

பயணி: பூனைக்கு மூன்று படங்கள், எனக்கு ஒரு முழங்கை. இது நியாயமா ஐயா? திருப்பூரிலிருந்து வண்டி பிடித்து, இரவெல்லாம் தூங்காமல் வந்திருக்கிறேன்.

பெரியவர்: பூனை 7ஆம் நூற்றாண்டிலிருந்து தூங்காமல் நிற்கிறது.

பயணி: இவ்வளவு பெரிய பாறையில் யாருக்குப் பூனை தெரியப்போகிறது? இது அர்ச்சுனன் தபசு. அர்ச்சுனனும் நானும் சேர்ந்து ஒரு படம் இருந்தால் போதும் என்றுதான் வந்தேன்.

பெரியவர்: அவர் அர்ச்சுனனா, இல்லை கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று படித்தவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் நின்ற இடத்தில் நின்றால் அந்தச் சிக்கலே எழாது, இரண்டு பேருமே தெரிய மாட்டார்கள். உங்கள் தலை அவர் உயர்த்திய கைகளைச் சரியாக மறைத்துவிட்டது.

பயணி: அதற்குத்தான் இந்தக் கைபேசியில் போர்ட்ரெய்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் ஆள் மட்டும் தெளிவாக வருவார், பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு போல மங்கிவிடும். அதைத்தான் அழுத்தச் சொன்னேன்.

பெரியவர்: அழுத்தினேன். பின்னால் இருப்பதெல்லாம் மங்கியது. கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று உடனே எடுத்துவிட்டேன். பின்னால் இருப்பதை மங்கலாக்க வேண்டுமானால் திருப்பூரிலேயே ஒரு சுவர் இருந்திருக்குமே தம்பி?

பயணி: நீங்கள் இங்கே வழிகாட்டியா?

பெரியவர்: சிற்பி. ஐந்து ரதம் போகும் சாலையில் பட்டறை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அதோ அந்தப் பெரிய யானையின் காதை மட்டும் ஒரு மாதம் உட்கார்ந்து வரையச் சொன்னார். அந்த மாதத்திலிருந்து இந்த இடத்தில்தான் உட்காருகிறேன். நீங்கள் காலையிலிருந்து என்னென்ன பார்த்தீர்கள்?

பயணி: எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். ஒரு நிமிடம் பொறுங்கள், கைபேசியைப் பார்த்துச் சொல்கிறேன்.

பெரியவர்: பார்த்ததைச் சொல்வதற்கு எதற்குக் கைபேசி?

பயணி: 214 படங்கள் ஐயா, மனத்தில் எப்படி நிற்கும்? இதோ, கடற்கரைக் கோயில். இது நான், இது என் மனைவி, இது மைத்துனர். கோயில் எங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்தது ஐந்து ரதம். இது நான், இது மைத்துனர்.

பெரியவர்: அங்கே கல் யானை ஒன்று இருக்குமே, அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது?

பயணி: யானை... இதோ இருக்கிறது. மைத்துனர் அதன் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார். தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பெரியவர்: யானையின் தலையா, மைத்துனரின் தலையா?

பயணி: யானையின் தலை.

பெரியவர்: உள்ளே நுழைபவருக்கு அது பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் இருக்கும் சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்து, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று காட்டியிருக்கிறான் செதுக்கியவன். அவனுக்கும் எனக்கும் நடுவில் உங்கள் மைத்துனர் சாய்ந்துகொண்டிருக்கிறார்.

பயணி: வெண்ணெய்ப் பாறையில் மட்டும் நாங்கள் குறை வைக்கவில்லை ஐயா. உருண்டு விழும் பாறையை ஒற்றைக் கையால் தாங்குவது போல நான், மனைவி, மைத்துனர், பிள்ளைகள் நால்வர், ஓட்டுநர் என்று ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டோம்.

பெரியவர்: நல்லது செய்தீர்கள். 1908இல் ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தும் அது நகரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதற்குப் பிறகும் விழாமல் இருப்பது, நாள்தோறும் உங்களைப் போன்ற ஆயிரம் பேர் வரிசையில் நின்று தாங்குவதால்தான் போலிருக்கிறது. ஓட்டுநருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

பயணி: கேலி செய்கிறீர்கள். வந்ததற்கு ஓர் அடையாளம் வேண்டாமா? நாளைக்கு நான் இங்கே வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பெரியவர்: முழங்கை இருக்கிறதே.

பயணி: ஐயா!

பெரியவர்: கோபப்படாதீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை. என் பட்டறைக்கு வருகிறவர்கள் பிள்ளையாரை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, விலையையும் கேட்டுவிட்டு, வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று போவார்கள். வீட்டில் இருப்பவர்கள் என்னதான் சொன்னார்களோ, இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஒருவர் நான் வேலை செய்வதையே எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஓங்கிய சுத்தியலை அப்படியே அந்தரத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் நிறுத்தச் சொன்னார். ஐந்து தடவை நிறுத்தினேன். அன்று பொழுது சாயும் வரை அந்தப் பிள்ளையாருக்கு ஒரு விரல்கூட முளைக்கவில்லை.

பயணி: நாங்கள் படம்தானே எடுக்கிறோம், கல்லுக்கு என்ன கேடு?

பெரியவர்: கேடு செய்கிறவர்களும் உங்கள் வண்டியைப் போன்ற வண்டிகளில்தான் வருகிறார்கள். சாவியை எடுத்துச் சுவரில் தன் பெயரையும் இன்னொருத்தியின் பெயரையும் கீறி, நடுவில் ஓர் அம்பையும் விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பாறை முழுவதிலும் தேடிப் பாருங்கள், செதுக்கியவன் எவனும் தன் பெயரைப் போடவில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது, அங்கேதான் கேவாத பெருந்தச்சன் என்றும் வேறு சிலர் என்றும் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. வேலை ஓர் இடத்தில், பெயர் வேறோர் இடத்தில். யானையைச் செதுக்கியவனுக்கே யானையின் மேல் பெயர் எழுதத் தோன்றவில்லை. இவனுக்குத் தோன்றுகிறது.

பயணி: நான் எதையும் கீறவில்லை ஐயா.

பெரியவர்: தெரியும். உங்கள் சாவி ஓட்டுநரிடம் இருக்கிறது.

பயணி: இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது. கொஞ்சம் தயவு செய்து, என்னையும் அர்ச்சுனனையும்...

பெரியவர்: இப்போது எடுத்தால் நன்றாக வராது. பாறை கிழக்கு நோக்கியது, வெயில் குன்றுக்குப் பின்னால் போய்விட்டது. காலையில் வந்தால் நேர் வெளிச்சத்தில் தவம் செய்பவரின் விலா எலும்பைக்கூட எண்ணலாம். நீங்கள் காலையில் எங்கே இருந்தீர்கள்?

பயணி: வெண்ணெய்ப் பாறை வரிசையில்.

பெரியவர்: போகட்டும். அந்தப் பூனையையாவது பாருங்கள், கைபேசியை மடியில் வைத்துவிட்டு. யானையின் காலருகே, கீழே. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே இருக்கிற தவசி போலவே நிற்கிறது. காலடியில் எலிகள்.

பயணி: எங்கே... அட! ஆமாம். வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. எலிகள் கும்பிடுகின்றனவா?

பெரியவர்: நம்பி வந்திருக்கின்றன. மகாபாரதத்தில் வருகிற பூனை. கங்கைக் கரையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இறைச்சியை விட்டுவிட்டேன் என்று சொல்லும், எலிகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். இத்தனை தேவர்களும் முனிவர்களும் நிற்கிற இடத்தில் இப்படி ஒரு கள்ளனையும் வைத்துச் சிரித்திருக்கிறான் பாருங்கள்.

பயணி: மூன்று முறை இந்தப் பக்கம் வந்திருக்கிறேன் ஐயா, இதைப் பார்த்ததே இல்லை.

பெரியவர்: மூன்று முறையும் அது உங்கள் முதுகைப் பார்த்திருக்கிறது.

பயணி: ஐயா, ஒரே ஒரு படம். அர்ச்சுனன் வேண்டாம். பூனையோடு. நானும் அதைப் போலவே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், பூனையும் வரட்டும், நானும் வரட்டும்.

பெரியவர்: கொடுங்கள். பூனையை மறைக்கிறீர்கள், இடப்பக்கம் போங்கள். உங்கள் இடம் அல்ல, என் இடம்.

பயணி: இப்போது?

பெரியவர்: இப்போது யானையை மறைக்கிறீர்கள். யானை பெரியது, பொறுத்துக்கொள்ளும்.

பயணி: தவம் செய்வது போல இருக்கிறதா?

பெரியவர்: வயிற்றை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுங்கள். அவ்வளவுதான் போகுமா? சரி. கண்களை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியிலிருந்து பிள்ளைகள் நால்வரும் அப்பா என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். கையை இறக்காதீர்கள் தம்பி, எலிகளும் வந்து சேரட்டும், எடுத்துவிடுகிறேன்.