அந்தத் துணியை நெய்தவர் யார்?

நான் ஓவியம் படித்த காலத்தில் எங்கள் வகுப்பறை மேசையில் ஒரு மண்பானையும் இரண்டு பழங்களும் மடிப்பு விழுந்த ஒரு துணியும் எப்போதும் இருக்கும். மாதக்கணக்கில் அவற்றையே வரைந்தோம். மடிப்பில் நிழல் எங்கே விழும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் துணியை நெய்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கானா நாட்டின் குமாசி நகரில் ஒரு ஓவியத் துறை தன்னையே மாற்றிக்கொண்ட கதையைப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்விதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

க்வாமே என்க்ருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓவிய, சிற்பத் துறை அது. ஆங்கிலேயர் காலத்தில் அச்சிமோட்டா கல்லூரியில் வேர்விட்டு, 1950களில் குமாசிக்குப் பெயர்ந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது, பாடத்திட்டம் பெறவில்லை. பிற்காலத்தில் பாட்டில் மூடிகளைக் கோத்துத் திரைச்சீலைகள் போன்ற சிற்பங்களைச் செய்து உலகப் புகழ் பெற்ற எல் அனாட்சுயி 1960களில் அங்கே படித்தவர். வகுப்பில் ஐரோப்பியக் கலையைப் படித்துவிட்டு, தன் மண்ணின் கலையைப் பார்க்க அதே ஊரின் தேசியப் பண்பாட்டு மையத்துக்குப் போய் நெசவாளர்களோடும் மரம் செதுக்குபவர்களோடும் அமர்ந்திருந்தார். பல்கலைக்கழகத்துக்கு உள்ளே கிடைக்காததை வெளியே போய்த் தேட வேண்டியிருந்தது.

2003 முதல் அங்கே ஆசிரியராக இருந்த கரிகாச்சா செய்டூ இந்த நிலையைத்தான் உடைத்தார். அவர் செய்ததில் என்னை அசைத்தது இதுதான்: பழைய ஐரோப்பியப் பாணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புதிய 'ஆப்பிரிக்கப் பாணி'யை வைக்கவில்லை. எந்தப் பாணியையும் வைக்கவில்லை. எந்தப் பொருளில் செய்வது, எங்கே காட்டுவது, ஓவியம் என்று எதைச் சொல்வது என்பதை மாணவர்களே தீர்மானிக்க விட்டார். கலையைச் சரக்கு என்ற நிலையிலிருந்து கொடை என்ற நிலைக்குக் கொண்டுபோவதே நோக்கம் என்றார். இறுதியாண்டு மாணவர்களின் படைப்புகள் துறைக் கட்டடத்தைத் தாண்டி வளாகத்துக்கும் ஊருக்கும் பரவின. 2015இல் ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் ஒன்றுசேர்ந்து பிளாக்ஸ்டார்லைன்ஸ் என்ற குழுவாயினர். கறுப்பின மக்களின் ஒற்றுமைக்காக உழைத்த மார்கஸ் கார்வியின் 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் நிறுவனத்தை நினைவூட்டும் பெயர். 2015 முதல் 2017 வரை, தலைநகர் அக்ராவில் உள்ள அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கொரு பெரிய கண்காட்சி நடத்தினார்கள். முதல் கண்காட்சியின் பெயரே 'அங்கி நகருக்குப் போக வேண்டும்' என்ற பொருள் தருவது. பட்டமளிப்பு விழாவில் போடுகிறார்களே, அந்த அங்கி. பல்கலைக்கழகம் ஊருக்குள் போக வேண்டும் என்பதுதான் கருத்து.

அந்தத் துறையில் படித்தவர்தான் இப்ராஹிம் மஹாமா. அவர் கையில் எடுத்தது சணல் கோணி. ஆசியாவில் நெய்யப்பட்டு, கோகோ ஏற்றுவதற்காகக் கானாவுக்கு வந்து, பிறகு கரி மூட்டை கட்டப் போய், நைந்து கிழிந்த கோணி. வியாபாரிகளிடம் புதுக் கோணியைக் கொடுத்துப் பழையதை வாங்கினார். வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களோடு உட்கார்ந்து தைத்தார். சந்தைகளிலும் பாலங்களிலும் தொங்கவிட்டார். 2016இல் அக்ராவின் தேசிய நாடக அரங்கத்தையே அதனால் போர்த்தினார். எங்கள் மேசைத் துணிக்கு நாங்கள் கேட்காத கேள்வியை ஒரு கட்டடம் அளவுக்குப் பெரிதாக்கிக் கேட்டிருக்கிறார். ஒரு கோணிக்குள் எத்தனை பேரின் முதுகு இருக்கிறது!

'அப்படியானால் வரையவே கற்க வேண்டாமா?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். கைப்பழக்கம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதற்காக வரைகிறோம் என்று தெரியாமல் பழகிய கை, பட்டம் வாங்கிய மறு ஆண்டே வரைவதை நிறுத்திவிடுகிறது என்பதையும் என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

ஆப்பிரிக்காவில் கலைக் குழுக்கள் புதிதல்ல. 1958இல் நைஜீரியாவின் சாரியாவில் உச்சே ஒகேகே முதலிய மாணவர்கள், ஆங்கிலேய ஆசிரியர்களின் பாடத்தால் நிறைவடையாமல் தாங்களே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். படிப்பு முடிந்ததும் சங்கம் கலைந்தது. ஆனால் ஒகேகே 1970களின் தொடக்கத்தில் அதே நாட்டின் இன்சுக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், இக்போ இனப் பெண்கள் உடலிலும் சுவரிலும் வரையும் உலி கோலங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். தன் தாயிடம் கற்ற கலை அது. 1975இல் அனாட்சுயியும் அங்கேதான் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். செனகலின் தக்கார் நகரில் கலைஞர்கள் வேறு வழியில் போனார்கள். 1974இல் லபோரதுவார் அஜிட் ஆர் என்ற குழு அரசு நிறுவனங்களுக்கு வெளியே, முற்றங்களிலும் தெருக்களிலும் இயங்கியது. 1983இல், அந்தக் கலைஞர்கள் பலர் வேலை செய்துவந்த கலைஞர் கிராமத்தை ராணுவம் காலி செய்தது.

வெளியே நிற்பவர்களின் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஆனாலும் என் மனம் குமாசியின் பக்கமே சாய்கிறது. மதிப்பெண் பட்டியலும் வருகைப் பதிவேடும் இருக்கிற அதே கட்டடத்துக்குள், சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர் இதைச் செய்திருக்கிறார். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்துகொண்டே இருக்கும் இடம் அது. எந்தச் செல்வாக்கும் இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்கும்.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். கொடை என்று பேசும் இந்த முயற்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கணிசமான பகுதி, மஹாமா போன்றவர்களின் படைப்புகளை வாங்கும் உலகக் கலைச் சந்தையிலிருந்துதான். அந்தச் சந்தை நாளை முகம் திருப்பினால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. அரசும் பல்கலைக்கழகமும் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு தனிமனிதர் சுமப்பது நியாயமில்லை.

ஆனால் மஹாமா அந்தப் பணத்தை என்ன செய்தார் என்று பாருங்கள். வடக்கே தன் ஊரான தமாலேயில், கட்டணமில்லாமல் யாரும் நுழையக்கூடிய கலை மையங்களைக் கட்டினார். ஓய்வுபெற்ற விமானங்களை வாங்கி நிறுத்தினார். பள்ளிப் பிள்ளைகள் அவற்றுக்குள் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். 2019இல் முதல் மையம் திறந்தபோது அவர் அங்கே தன் கோணிகளைத் தொங்கவிடவில்லை. குமாசியில் தனக்குப் பல ஆண்டுகள் முன்பே படித்த மூத்த ஓவியர் காலே வின்ஸ்டன் கோஃபி டாசனின் வாழ்நாள் படைப்புகளைச் சுவர் முழுக்க மாட்டிவைத்தார்.