ஹார்வர்ட் பெண்கள் ரக்பி 2013-இல் தொடங்கவில்லை

"ஹார்வர்ட் 2013-இல் பெண்கள் ரக்பி அணியை உருவாக்கியது, 2019-இல் முதல் தேசியப் பட்டம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை அப்படியே விடக்கூடாது. 2013-இல் நடந்தது அந்தஸ்து மாற்றம்தான். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக, அதுவும் ஐவி லீகிலேயே (ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் குழு) முதலாவதாக, அது ஏற்கப்பட்டது. சரி, அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அணி பிறந்தது 1982-இல். மாணவிகளே தொடங்கிய கிளப் அது. பெயர் ராட்கிளிஃப் ரக்பி. ராட்கிளிஃப் என்பது அப்போது ஹார்வர்டின் துணை மகளிர் கல்லூரியாக இருந்தது; 1999-இல் ஹார்வர்டுடன் இணைந்துவிட்டது. தேடும்போது 'ஹார்வர்ட்' என்று மட்டும் போட்டால் பழைய வரலாறு கண்ணில் படாமல் போவதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ராட்கிளிஃப் அணி 1998-லேயே அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றுவிட்டது. ஆகவே 2019 வெற்றி, அதிகாரபூர்வ அணியான பிறகு வந்த பட்டம்.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ரக்பி 1970-களிலேயே இப்படிப்பட்ட கிளப்புகளில்தான் வேர்விட்டது. கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அதை 'வளரும் விளையாட்டு' பட்டியலில் சேர்த்ததே 2002-இல்தான். முப்பது வருடம் அதைக் காப்பாற்றியவர்கள் மாணவிகள். தயவுசெய்து பதிவில் 1982-ஐயும் 1998-ஐயும் சேர்த்துவிடுங்கள்.