பாலத்தில் ஒட்டிக்கிடக்கும் ஓவியங்கள்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே செல்லும் மில்லேனியம் நடைபாலத்தின் ஒரு கரையில் புனித பால் பேராலயமும், மறுகரையில் டேட் மாடர்ன் கலைக்கூடமும் இருக்கின்றன. கலைக்கூடத்துக்கு விரைகிறவர்களின் காலடியில், பாலத்தின் உலோகத் தளத்தில், விரல்நுனி அளவேயான வண்ண ஓவியங்கள் ஒட்டிக்கிடக்கும். யாரோ மென்று துப்பிய சூயிங் கம்மைச் சூடாக்கி, அதன்மேல் படம் தீட்டி, அழியாதிருக்க மேற்பூச்சும் பூசுகிற வேலையைப் பென் வில்சன் என்ற ஓவியர் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார். பெருநகரத்தைப் பார்ப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பாலம்தான். அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள், தெரு ஓவியங்களுக்கு ஒரு மாலை என்று பயணத்தைக் கூறுபோடுகிறவர்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே நாளில் நாற்பது அறைகளைக் கடந்து, கால் கடுத்து, எதையும் நினைவில் நிறுத்த முடியாமல் வெளியே வந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். இந்தச் சோர்வு புதிதன்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப்பொருள்களைப் பார்ப்பதற்காக ஒருவர் குனிவதையும் குந்துவதையும் ஒளிப்படங்களாக எடுத்து, 1916-இல் இதைப் பற்றி எழுதினார். பொருள்களை வைத்திருக்கும் முறையே பார்வையாளரைக் களைப்படையச் செய்கிறது என்றார் அவர். அவர் சொன்னது சரிதான் என்றாலும், குறை நம்மிடமும் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமே நம்மை எதையும் பார்க்கவிடுவதில்லை. ஓர் அறையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு மூன்று பொருள்களின் முன் நிதானமாக நின்றுவிட்டு வெளியேறுவதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அதற்கு ஏற்ற இடமென்றால், லண்டனிலேயே உள்ள சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். கட்டடக் கலைஞரான சோன், தம் வீடும் சேகரிப்பும் தமக்குப் பின்னும் குலையாமல் இருக்க வேண்டுமென்று 1833-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேறச் செய்தார். அவர் 1837-இல் இறந்தபோது வீடு இருந்த நிலையை இயன்றவரை காக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நிலவறையில் எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி இருக்கிறது. விலை அதிகமென்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்க மறுத்ததை, 1824-இல் சோன் தம் பணத்தில் வாங்கினார். ஓவிய அறையின் சுவர்களோ கதவுகளைப் போலத் திறக்கும். ஒரு பலகையை விலக்கினால் உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எண்ணப் பழகிய கண்ணோடு தெருவில் இறங்கினால், நகரம் வேறாகத் தெரிகிறது.

ஆனால் தெருவின் சுவரைக் காக்கச் சட்டம் எளிதில் வருவதில்லை. நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஃபைவ் பாயின்ட்ஸ் எனப்பட்ட பழைய ஆலைக் கட்டடம் முழுவதும் ஓவியங்களால் நிறைந்திருந்தது. 2013 நவம்பரில், முன்னறிவிப்பின்றி, ஓர் இரவில் அவற்றின்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசப்பட்டது. ஓவியர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1990-ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்கீழ், 21 ஓவியர்களின் 45 படைப்புகளுக்காக 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க 2018-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2020-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அந்தத் தீர்ப்பு எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. வெயிலில் வெளிறுவதும், மற்றோர் ஓவியர் மேலே வரைவதும் தெரு ஓவியத்தின் இயல்பான முதுமை. கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட விடாமல் அழிப்பது வேறு. அதேபோல், பெயர்த்தெடுத்து விற்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. தையல் இயந்திரத்தின் முன் மண்டியிட்ட சிறுவனைத் தெரு ஓவியர் பாங்க்சி 2012-இல் வட லண்டனின் ஒரு கடைச் சுவரில் தீட்டினார். மறு ஆண்டே அச்சுவர்ப் பகுதி வெட்டியெடுக்கப்பட்டு ஏலத்துக்குப் போனது. தெருவை இழந்த அந்தப் படம் பாதிப் படமாகவே எனக்குப் படுகிறது.

யாரும் கலையென்று எண்ணிச் செய்யாதவையும் உண்டு. ஜப்பானியக் கலைஞர் அகசெகாவா கென்பெய், 1972-இல் டோக்கியோவில் ஒரு படிக்கட்டைக் கண்டார். ஏறினால் மேலே கதவில்லை. மறுபக்கம் இறங்கத்தான் முடியும். ஆனால் அதன் கைப்பிடி பழுதுபார்க்கப்பட்டிருந்தது. பயனற்றுப்போன பின்னும் பேணப்படும் இத்தகைய கட்டடப் பகுதிகளுக்குப் பின்னாளில் அவர் ‘தாமசன்’ என்று பெயரிட்டார். பெருந்தொகைக்கு அமர்த்தப்பட்டும் பந்தைச் சரியாக அடிக்க முடியாமல் போன பேஸ்பால் வீரர் கேரி தாமசனின் பெயர் அது. அந்த வீரரின்மேல் எனக்கு இரக்கமுண்டு. ஆயினும் பெயர் கிடைத்த பிறகுதான் அப்படிப்பட்டவை என் கண்ணில் படத் தொடங்கின.

அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் மட்பாண்ட அறையை மட்டும் பார்த்துவிட்டு, பேருந்து ஏறாமல் நடந்து திரும்பினேன். வழியில் ஒரு பழைய கட்டடத்தின் பக்கச் சுவரில், செங்கல் வைத்து அடைத்துவிட்ட சன்னலுக்கு மேலே, மழைநீர் படாமலிருக்க வைத்த சிறு கூரை மட்டும் அப்படியே நின்றது. அதற்குப் புதிதாகப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். மட்பாண்டங்களின் முன் நின்ற அளவுக்கு அதன் முன்னும் நின்றேன்.