மூன்று தடவையோடு முடிந்ததாம்

இலங்கையில் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறவருக்கு மூன்று தடவைதான் கணக்கு. பாடசாலையின் கடைசியில் எழுதும் உயர்தரப் பரீட்சையை அதற்கு மேலும் எழுதலாம், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதிக்கொண்டே இருக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் மூன்றைத் தாண்டி எழுதி எடுத்த பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குச் செல்லாது. அந்த மூன்றும் பெரும்பாலும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பட்டம் எடுத்தாலும் சரி, எந்த வார்டில் எத்தனை வருடம் நின்றாலும் சரி, அரசாங்க மருத்துவபீடத்துக்குள் நுழைய ஒரு வழியும் கிடையாது. "உங்களைத் தெரிவு செய்யவில்லை" என்று ஒரு கடிதம்கூட வராது. விண்ணப்பிக்க இடமிருந்தால்தானே கடிதம் வரும்.

எனக்கு 37 வயது. நுவரெலியா மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் பாஸ், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிதான் போதவில்லை. மூன்று வருடம் தாதியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தேன். நைட் டியூட்டிக்கு நடுவே படித்துத் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டமும் எடுத்தேன். இத்தனையும் சேர்ந்து மருத்துவபீடத்தின் கணக்கில் சைபர். பத்தொன்பது வயதில் இரசாயனவியல் பேப்பரில் நான் எடுத்த புள்ளிதான் இன்றைக்கும் என் தலையெழுத்து.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றால், "நர்ஸ் வேலை நல்ல வேலைதானே, அதை விட்டுவிட்டு ஏன்" என்று கேட்கிறார்கள். நல்ல வேலைதான், அதில் எனக்குக் குறை கிடையாது. ஆனால் நான் பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா, சீனி வருத்தம், காலில் ஆறாத புண். கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறார், ஆனாலும் சீனி இறங்கவே இல்லை. மருந்தைக் கூட்டினார்கள், அப்போதும் இறங்கவில்லை. ஒரு நாள் அவர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தபோது பார்த்தேன், சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் அட்டை நடுவில் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. "மத்தப் பாதி எங்கம்மா?" என்றேன். "அவருக்கும் சீனி இருக்கு மிஸ். அவரு கிளினிக் வந்தா அன்னைக்கு பேரு போயிரும், அந்த நாள் சம்பளம் இல்ல. அதான் ரெண்டு பேரும் பகிர்ந்துக்கிறோம்" என்றார். அதுவரை அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தமிழ் தெரியாது, நேரம் கிடையாது, ஒரு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். எனக்குத் தெரியும், ஆனால் மருந்தை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பேனாவைத்தான் நான் கேட்கிறேன். பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக இல்லை.

வயதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அடுத்த வருடம் தொடங்கினால் எனக்கு 38. ஆறு வருடப் படிப்பு, 44. பரீட்சை, உள்ளகப் பயிற்சி என்று இன்னும் இரண்டு வருடம் போகட்டும், 46. அறுபதில் ஓய்வு என்று வைத்தாலும் பதினான்கு வருடம் கைவசம் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை இளம் டாக்டர்கள் விமானம் ஏறினார்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் பதினான்கு வருடம் இங்கேயே, இந்த மலையிலேயே இருப்பேன் என்று சொல்கிறவளிடம் "வயது போய்விட்டது" என்று சொல்ல இந்த நாட்டுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

வயது போனது யாரால்? அதைப் பேசாமல் என் வயதை மட்டும் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியில்தான் நின்றன. 1948இல் எங்கள் தோட்டத்துத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்க 1970கள் ஆனது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல், அப்போது நான் பள்ளிக்கூடத்தில். என் தாத்தா எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமலேயே தேயிலைக்கு உரமானார். அம்மா ஐந்தாம் வகுப்போடு மலைக்கு ஏறினார். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை வந்த முதல் ஆள் நான். நான் உயிரியல் பிரிவு எடுத்த வருடம் எங்கள் பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. வந்தவர் வடக்கிலிருந்து வந்து, நியமன காலம் முடிந்ததும் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவர் வர மாதக்கணக்கு. டியூஷனுக்கு ஹட்டனுக்குப் போக வேண்டும். கடைசி பஸ் போய்விட்டால் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்ப வழியில்லை என்று வகுப்பு முடிய முன்னாலேயே எழும்பி ஓடுவோம். கொழும்பில் ஒரு பிள்ளைக்கு அதே பாடத்துக்கு இரண்டு மூன்று டியூஷன் மாஸ்டர்மார். ஆனால் தடவை மட்டும் இருவருக்கும் சமமாக மூன்று.

உடனே யாராவது கோட்டா முறையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆமாம், இருக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறில் உண்டு. ஆனால் கோட்டா மாவட்டத்துக்குத்தான், லயத்துப் பிள்ளைக்கு இல்லை. நகரத்தில் நல்ல பாடசாலையில், நல்ல வீட்டில் இருந்து எழுதும் பிள்ளையும், பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வந்து எழுதும் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். போதாக்குறைக்கு, வெட்டுப்புள்ளி குறைவு என்று வெளி மாவட்டத்துப் பிள்ளைகளை இங்கே பதிந்து எழுத வைக்கும் கூத்து. மலையகத்தில் எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்வார்.

சரி, உலகம் முழுக்க இப்படித்தானா என்று பார்த்தால், இல்லவே இல்லை. அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் முடித்துவிட்டுத்தான் மருத்துவத்துக்கே விண்ணப்பிக்கிறார்கள். எம்கேட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதி, முப்பதிலும் நாற்பதிலும் வேறு வேலையிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலிருந்தே பட்டதாரிகளுக்கென்று நான்கு வருட மருத்துவப் படிப்பு இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் அதற்கும் முன்னாலிருந்தே. அதற்கென்று கேம்சாட் என்று தனிப் பரீட்சை. அவ்வளவு தூரம் ஏன், பக்கத்து இந்தியாவில் நீட் பரீட்சைக்கு இருந்த உச்ச வயதெல்லையை 2022இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே, 2020இல், ஒடிசாவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் 64 வயதில் எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் சேர்ந்தார். அறுபத்து நான்கு! அவரோடு பார்த்தால் நான் சின்னப் பிள்ளை. அந்த நாடுகளிலும் இது லேசான காரியம் இல்லை, செலவும் அலைச்சலும் நிராகரிப்பும் அங்கேயும் உண்டு. ஆனால் கதவு என்று ஒன்று இருக்கிறது, தட்டிப் பார்க்கலாம்.

எனக்கு மிஞ்சியது வெளிநாடு. ரஷ்யா, பங்களாதேஷ், நேபாளம், சீனா என்று ஏஜென்சிக்காரர்கள் அடுக்குகிறார்கள். ஒரு ஏஜென்சிக்குப் போன் பண்ணி மருத்துவப் படிப்பு என்று சொன்னதும் வந்த முதல் கேள்வி, "மகளுக்கா மகனுக்கா மேடம்?" எனக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்க நர்ஸ்னா லண்டன் பக்கம் வேலைக்குப் போகலாமே, அது லேசு" என்று ஆரம்பித்துவிட்டார். நான் கேட்டதற்குப் பதில் சொல்லவே இல்லை. கட்டணம் எவ்வளவு, அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா, இதுதான் நான் கேட்டது. பதினெட்டு வயதுப் பையன் கேட்டிருந்தால் கலர் புத்தகம் ஒன்றை வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள்.

அடுத்தது கடதாசி. என் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயரை அந்தக் காலத்தில் யார் சொன்னார்கள், யார் எழுதினார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது. அவருடைய அடையாள அட்டையில் ஒரு மாதிரி, என் சான்றிதழில் வேறு மாதிரி. பாடசாலையில் அது யாருக்கும் உறுத்தவில்லை, வேலைக்குச் சேரும்போது ஒரு சத்தியக்கடதாசியோடு போயிற்று. இப்போது ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்ததும் அப்பா இரண்டு ஆட்களாகிவிட்டார். திருத்தினால்தான் ஏற்போம் என்று படிவம் திரும்பி வந்தது. திருத்தப் போன கந்தோரில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அவருக்கு அப்படி ஒன்று இருந்ததே கிடையாது. "அப்ப எப்படி மிஸ் செய்யிறது?" என்று என்னிடமே கேட்கிறார் அந்த உத்தியோகத்தர். பிறப்பைப் பதியாமல் விட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பிறந்தவரின் மகளிடம் கேட்டால் நான் என்ன சொல்வது?

காசைப் பற்றி என்ன சொல்ல. மலிவு என்று சொல்லும் நாட்டிலும் ஆறு வருடத்துக்குப் பல பத்து இலட்சங்கள் வேண்டும், இருக்கும் வேலையையும் விட வேண்டும். நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வரவே 2021 வரை போராடிய சனம் நாங்கள். எங்களுக்கு ஈடு வைக்கக் காணி இல்லை, வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. பத்திரமில்லாத லயத்து அறையை எந்த வங்கி ஏற்கும்? இவ்வளவையும் தாண்டிப் படித்து வந்தால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிய எழுத வேண்டிய மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சை. அதை எழுதுவதில் எனக்குப் பிரச்சினையே இல்லை, தகுதியைச் சோதிக்கத்தான் வேண்டும். தகுதியைச் சோதிக்க ஒரு பரீட்சையை நடத்தத் தெரிந்தவர்களுக்கு, உள்ளே எடுக்கும்போது மட்டும் ஏன் வேறொரு பரீட்சையை யோசிக்க முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

இந்த நாட்டில் முன்பு வேறு வழிகளும் இருந்தன. ஏஎம்ஓ என்று சொல்லும் உதவி வைத்திய அதிகாரிகள் எம்பிபிஎஸ் இல்லாமல் தனிப் பயிற்சி எடுத்துத்தான் எத்தனையோ கிராமத்து ஆஸ்பத்திரிகளைத் தாங்கினார்கள். அந்தப் பயிற்சியை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. தோட்டங்களில் இன்றைக்கும் பல இடங்களில் டிஸ்பென்சரியும் ஒரு ஈஎம்ஏயும், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளரும்தான். சனம் அவரைத்தான் டாக்டர் ஐயா என்று கும்பிடுகிறது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முடிந்தபாடில்லை. தோட்டத்துச் சனத்துக்கு முழு எம்பிபிஎஸ் டாக்டர் கட்டாயம் இல்லை என்று விட்டு வைத்திருக்கும் அதே நாடு, அந்தத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி முழு டாக்டராகப் படிக்கிறேன் என்றால் சட்டப் புத்தகத்தை விரிக்கிறது.

"நீங்கள் ஒரு இடத்தை எடுத்தால் ஒரு சின்னப் பிள்ளையின் இடம் போகுமே" என்று என்னோடு வேலை செய்யும் ஓர் அக்காவே கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளின் இடத்தில் கை வைக்க வேண்டாம். பட்டம் எடுத்து, சுகாதாரத் துறையில் சில வருடம் வேலை செய்த நர்ஸ், மருந்தாளர், ஆய்வுகூட உத்தியோகத்தர் போன்றவர்களுக்கென்று ஒரு சின்னத் தொகை இடத்தைத் தனியாக ஒதுக்குங்கள். பரீட்சை வையுங்கள், எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் வையுங்கள். நேர்முகம் வையுங்கள். பத்து வருடம் கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்வேன் என்று பிணை எழுதி வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். பேராதனையில் மருத்துவபீடம் 1962இலிருந்து இருக்கிறது. எங்கள் மலையிலிருந்து இறங்கினால் அங்கேதான் போய் நிற்போம். அந்த வளவைச் சுற்றியுள்ள மலையெல்லாம் நூற்றைம்பது வருடமாகத் தேயிலை பறித்த சனத்தின் பிள்ளைகளுக்கு வருடத்தில் நான்கைந்து இடம் இப்படி ஒதுக்கினால் யார் குடி முழுகிவிடும்?

மலையகத்து எம்பிமார் வீட்டுக் கூரைக்கும் சம்பளத்துக்கும் குரல் கொடுக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். இதையும் ஒரு தடவை பாராளுமன்றத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டை ஒவ்வொரு வருடமும் புதிதாக அச்சடிக்கிறார்கள். அதில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்க முடியாதா?

நான் விடுவதாக இல்லை. அப்பாவின் பெயர்த் திருத்தத்துக்கு அவருடைய பழைய தோட்டப் பதிவும் என் பாடசாலை விடுகைப் பத்திரமும் வைத்து மறுபடி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி எழுத்துப் பிழையோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவர்கள், முப்பத்தைந்து தாண்டிப் படிக்கப் போய் ஈஆர்பிஎம் எழுதித் திரும்பியவர்கள் மலையகத்தில் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கடதாசியை எந்தக் கந்தோர் ஏற்றது, வங்கிக் கடனுக்கு எதை ஈடு வைத்தீர்கள், இந்த இரண்டும்தான் எனக்கு உடனடியாகத் தெரிய வேண்டும். வயதைப் பற்றிய புத்திமதி வேண்டாம்.