பயிர்க் காப்பீடு: கடன் வாங்காதவர்களுக்கும் உண்டு

“வங்கிக் கடன் வாங்கியவர்களுக்கு மட்டுமே பயிர்க் காப்பீடு” என்ற வாட்ஸ்அப் செய்தி சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் தோழர்களிடையே சுற்றுகிறது. அது தவறு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கடன் வாங்காதவரும் குத்தகைக்கு உழுபவரும் சேரலாம். கடன் வாங்கியவருக்கும் 2020 முதல் கட்டாயமில்லை.

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதத்துக்கு மேல் போகாது. ராமநாதபுரத்து மானாவாரி வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை நம் அப்பாக்கள் அறிவார்கள். இந்தப் பொய்யை நம்பி அவர்கள் பதியாமல் விடக்கூடாது.

அடங்கல் (வயலில் என்ன பயிர் இருக்கிறது என்று காட்டும் கிராமக் கணக்கு நகல்), ஆதார், வங்கிப் புத்தகத்துடன் பொதுச் சேவை மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். கடைசித் தேதியை வட்டார வேளாண் அலுவலகத்திலோ 14447 என்ற எண்ணிலோ ஊரிலிருந்து கேட்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் இன்றிரவே வீட்டுக்குப் பேசித் திருத்திச் சொல்லுங்கள்.