மருத்துவமனை பில்லைத் தூதரகம் கட்டிவிடுமா?

"வெளிநாட்டில் விபத்து நடந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், மருத்துவமனை பில்லை உங்கள் நாட்டுத் தூதரகமே கட்டிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி. இதை நம்பிக் காப்பீடு எடுக்காமல் கிளம்புகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

தூதரக உதவிக்கு அடிப்படை 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். கைதானால் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை அதில் உண்டு. சிகிச்சைச் செலவை ஏற்கும் கடமை இல்லை. பாஸ்போர்ட் தொலைந்தால் அவசரப் பயண ஆவணம் தருவார்கள், குடும்பத்தைத் தொடர்புகொள்ள உதவுவார்கள். கையில் காசே இல்லாதவர்களுக்குச் சில அரசுகள் பண உதவி செய்வதுண்டு. அது தகுதி பார்த்துத் தரும் விதிவிலக்கு. பெரும்பாலும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

பயணக் காப்பீட்டில் நோயாளியை விமானத்தில் ஊருக்கு அழைத்துவரும் செலவும் அடங்குமா என்று அவசியம் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் அவசர உதவி எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள்.