காந்திமதி என்பது கிழவியின் பெயர் அல்ல

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை நேரில் பார்த்தவர்களும், பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. தொட்டிலில் கிடந்த என் மகளின் காதில் என் அண்ணன் மூன்று முறை பெயரைச் சொல்லி முடித்து, தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணீர் அவள் உதட்டில் காய்வதற்குள், "ஏன், வேற பேரே கெடைக்கலையா? இது கெழவி பேருல்லா?" என்று ஒரு குரல் எழுந்ததும், அதற்கு நான்கைந்து பேர் சிரித்ததும் உங்களுக்குத் தெரியும். சொன்னவர் எனக்கு மதினி முறை வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் இதைப் படிப்பார்.

காந்திமதி என்பது கிழவியின் பெயர் அல்ல. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். நெல்லையப்பர் கோயிலில் சுவாமிக்கு இணையாகத் தனிக் கோயில் கொண்டிருக்கிறவளின் பெயர் அது. இரண்டு கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபத்தின் வழியாக மதினி எத்தனை நூறு முறை நடந்திருப்பார்! ஐப்பசியில் திருக்கல்யாணம் வரும்போது அம்மனை மணப்பெண்ணாகத்தானே அலங்கரிக்கிறார்கள்? ஆண்டு தவறாமல் மணமேடை ஏறுகிறவளின் பெயரைக் கிழவிப் பெயர் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

என் ஆச்சிக்கும் அதே பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1941இல் அவளும் தொட்டிலில்தான் கிடந்தாள். நரைத்த பிறகு யாரும் கூடிப் பேசி அவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டவில்லை.

காலம் கடந்த பெயர் எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என் பெயரைப் பார்க்கலாம். சங்கீதா. நான் படித்த வகுப்பில் மட்டும் நான்கு சங்கீதாக்கள் இருந்தோம். முன்னெழுத்தைச் சேர்த்து எஸ் சங்கீதா, எம் சங்கீதா என்று ஆசிரியர் கூப்பிடுவார். பெயரைச் சொன்ன மாத்திரத்தில், நான் எந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருப்பேன் என்று யாரும் கணக்குப் போட்டுவிடலாம். புதுமை என்று வைத்த பெயர்தான் முதலில் பழசாகிறது. அம்மன் பெயர் அப்படி ஆவதில்லை, ஏனென்றால் அது ஒருநாளும் புதுசாக இருந்ததில்லை.

குழந்தையின் நட்சத்திரம் மிருகசீரிடம். வே, வோ, கா, கி என்ற நான்கு எழுத்துகளில் ஒன்றில் தொடங்க வேண்டும் என்றார் சோதிடர். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கிறது. கா என்ற எழுத்தைக் கேட்டதுமே எனக்குத் தோன்றிய பெயர் ஒன்றுதான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கைப்பேசியில் 23 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று நானும் வைத்திருந்தேன். அவற்றில் பலவற்றுக்கு 'இளவரசி' என்றோ 'கடவுளின் பரிசு' என்றோதான் இணையத்தில் பொருள் போட்டிருந்தது. எந்த மொழியில் இளவரசி என்று தேடிப் போனால் பதில் இல்லை. அந்தப் பட்டியலை நான் அழித்தது அப்போதுதான். மதினியோ, அதே கா எழுத்தில் "காவ்யான்னு வெச்சிருக்கலாம்லா, மாடர்னா இருக்கும்" என்றார். என் கல்லூரி விடுதியில் மூன்று காவ்யாக்கள் இருந்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளே ஆறாம் வகுப்பில் படிக்கிறார்கள்.

அவர் வீட்டுக் குழந்தையின் பெயருக்கு என்ன பொருள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. குழந்தையின் பெயரைப் பேச்சில் இழுப்பது முறையல்ல என்று நினைக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை அந்த முறை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

"யானை போய்ச் சேந்துட்டு, பேரு காலியா இருக்குன்னு புள்ளைக்கு வெச்சுட்டாளோ" என்று பந்தியில் ஒருவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தபோது அஞ்சலி செலுத்த ஊரே திரண்டதை நான் பார்த்தேன். அவ்வளவு பேருடைய அன்பைப் பெற்ற ஓர் உயிரின் பெயர் என் மகளுக்கும் இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கேலி செய்ய வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கிண்டல் செய்வார்கள் என்று அக்கறையோடு சொன்னவர்களும் உண்டு. செய்வார்கள்தான். 'காந்தித் தாத்தா' என்பார்கள். சங்கீதாவை மட்டும் விட்டார்களா? பள்ளிக்குப் போக இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

தமிழ்ப் பெயராக வைத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காந்திமதி வடசொல்தான், ஒளியுடையவள் என்று பொருள். அதே அம்மனுக்கு வடிவுடையம்மை என்று நல்ல தமிழ்ப் பெயரும் இருக்கிறது. ஆனால் வடிவு என்று வைத்திருந்தால் இதே கூட்டம் என்னை விட்டிருக்குமா? தமிழில் வைத்தாலும் பழசு, வடமொழியில் வைத்தாலும் பழசு. பொருளே இல்லாமல் நடுவில் ஒரு 'ஷ'வைச் செருகி வைத்தால் மட்டும் புதுசு போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கோமதி, உலகம்மாள், குழல்வாய்மொழி இருந்த காலம் எங்கே போனது? அந்த அம்மன்கள் கோயில் கொண்ட சங்கரன்கோவிலும் பாபநாசமும் குற்றாலமும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்ததுதான். பெயரைத் தாங்குகிறவள் என்று பொருள். முன்னோர் பெயரை வைப்பதைக் குறையாக நினைத்திருந்தால் அந்த உறவுக்கே இந்தச் சொல் அமைந்திருக்காது. முதலாம் இராசராசன் தன் மகளுக்குத் தன் அக்காள் குந்தவையின் பெயரையே வைத்தான். தஞ்சை அரண்மனையில் அன்று எந்த மதினியும் எழுந்து ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

"பர்த் சர்டிஃபிகேட்ல பேரு சேக்க ஒரு வருசம் டைம் இருக்கு, நல்லா யோசிச்சு மாத்துங்க" என்றும் ஆலோசனை கிடைத்தது. உண்மைதான். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. எனக்கு அந்த அவகாசம் தேவைப்படவில்லை. பெயரைச் சேர்த்துச் சான்றிதழ் வாங்கி உறையில் போட்டு வைத்தாயிற்று.

இவ்வளவையும் நிதானமாக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எழுந்தபோது ஆச்சி தொட்டிலுக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கிழவி பேரு என்றால் எந்தக் கிழவி? ஆச்சியும் சேர்ந்து சிரித்தாள். இரவு எல்லாரும் போன பிறகு, வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பழசுதானட்டி. வேணும்னா மாத்திக்கிட வேண்டியதுதான" என்றாள்.

அந்தப் பெயரால் அவளை வீட்டிலோ தெருவிலோ யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தாத்தாவுக்கு அவள் 'ஏளா'. பிள்ளைகளுக்கு அம்மை, தெருவுக்கு மூத்த மாமாவின் அம்மை, எங்களுக்கு ஆச்சி. ரேஷன் அட்டையில் மட்டும் காந்திமதியம்மாள் என்று இருக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் ஒருமுறை நர்ஸ் "காந்திமதி" என்று மூன்று தடவை கூப்பிட்டும் ஆச்சி எழவில்லை. நான்தான் தோளைத் தொட்டுச் சொன்னேன். இப்போது நான் நடுவீட்டில் இருந்து மகளைக் கூப்பிடும்போதெல்லாம் அடுக்களையில் இருந்து "என்னட்டி" என்று பதில் வருகிறது. தனக்கு இல்லை என்று தெரிந்தும் வருகிறது.

வரும் ஐப்பசித் திருக்கல்யாணத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம், ஆச்சியும் வருகிறாள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மதினியும் வரலாம். காந்தி என்றும் மதி என்றும் சுருக்காமல், ஐந்து எழுத்தையும் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.